கையில் வாங்காத வேட்டி

ஆரியங்காவு வளைவுகளில் எங்கள் துணிகள் தாமாகவே துவைந்துகொண்டிருந்தன. இது லூக்காஸின் யோசனை. ஜெர்மனியில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவன்; இந்த விடுமுறைக்கு என் ஊரைப் பார்க்க வந்திருக்கிறான். கொச்சியில் ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்தோம். மூடி போட்ட பெரிய வாளியில் அழுக்குத் துணி, கொஞ்சம் சோப்புத்தூள், பாதியளவு தண்ணீர். வாளியை வண்டியின் பின்பக்கம் கட்டி வைத்துவிட்டால் சாலையின் குலுக்கலே துவைத்துவிடும். ஜெர்மனியில் வேனில் ஊர் சுற்றுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். தென்மலையில் போட்ட சட்டை புளியரை இறங்குவதற்குள் வெளுத்துவிட்டது. லூக்காஸ் சிறுபிள்ளைபோல மூடியைத் திறந்து திறந்து பார்த்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணி துவைப்பது ஒருவனுக்கு விளையாட்டாக இருக்க முடியும் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

எங்கள் குடும்பம் ஊருக்குத் துணி வெளுத்த குடும்பம். சுரண்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா காலையில் வீடு வீடாகக் கொல்லைவாசலில் போய் நிற்பாள். உள்ளிருந்து யாராவது வந்து துணியைப் படியிலிருந்து கீழே விடுவார்கள். கையில் தர மாட்டார்கள். அவள் குனிந்து பொறுக்குவாள். வெளுத்துக் கொண்டுபோனாலும் திண்டில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுப்பார்கள். ஆறாம் வகுப்பில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போன நாளில் ஒருவன், "ஏலே, இது எங்கண்ணன் சட்டைல்லா? வெளுக்கக் குடுத்தா மாட்டிக்கிட்டு வந்துருதியோ?" என்றான். வகுப்பே சிரித்தது. அது எனக்காக ஆலங்குளத்தில் எடுத்த சட்டை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். எனக்கு வேலை கிடைத்த மாதம் அப்பா, "இனி நம்ம வீட்டுத் துணி மட்டுந்தான்யா" என்று சொல்லித் தொழிலை விட்டார். இன்னொருவன் துணியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு நானும் முடிவு செய்துகொண்டேன்.

ஜெர்மனிக்குப் போன புதிதில் ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து ஒரு கிழவி ஜன்னலைத் திறந்து, "ஸோன்டாக்! ஸோன்டாக்!" என்று கத்தினாள். நான் யார் என்று இவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். அகராதியைப் பார்த்தால் ஸோன்டாக் என்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று வெளியே துணி காயப்போடுவது அங்கே பலருக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் புகார். ஜெர்மனியைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ரயில் பெட்டி முழுவதையும் விட்டுவிட்டு என்னிடம் மட்டும் அடையாள அட்டை கேட்ட போலீஸ்காரர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே என் தோலை மட்டும்தான் பார்க்கிறார்கள். என் அப்பன் பேரை யாரும் கேட்டதில்லை.

அதைக் கேட்டவர் ஐந்தருவிப் பக்கத்துத் தோப்புக்காரர். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வேனை அவருடைய தென்னந்தோப்பில் நிறுத்தியிருந்தோம். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் யார் வண்டியைப் பார்த்தாலும் ஜன்னலில் ஈரத்துண்டும் கைலியும் பறக்கும்; அங்கே அது யாருக்கும் கேவலமில்லை. நானும் மரத்துக்கும் வேனுக்குமாகக் கயிறு கட்டித் துணியைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தேன். சாரல் விட்டு விட்டு விழுந்தது.

"வெள்ளக்காரத் தம்பிக்கு ஒரு எளநி வெட்டட்டா?" என்று வந்தவர் என்னைப் பார்த்து, "தம்பிக்கு எந்தூரு, மெட்ராஸா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, சுரண்டைப் பக்கந்தான்." ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அட, அங்கன எங்க மச்சான் வீடு இருக்குல்லா. நீங்க யாரு மவன்?"

பொய் சொல்லியிருக்கலாம். அப்பா பெயரைச் சொன்னேன். அவர் கண் கயிற்றுக்குப் போய், வாளிக்குப் போய், என் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"ஓ, வெளுக்குற மாடசாமி மவனாலே நீ? அதான பாத்தேன், கை தானா வாளிக்குப் போவுதேன்னு. எப்பம்லே வந்த?"

‘தம்பி’ போய்விட்டது, ‘நீங்க’வும் போய்விட்டது. தோப்பில் இருந்த அறைக்குள் போனவர் கைலிக்கு மாறி, நனைந்திருந்த வேட்டியைக் கொண்டுவந்து என் காலுக்கு ஓர் அடி தள்ளித் தரையில் போட்டார்.

"இதயும் ஒரு முக்கு முக்கிப் போட்ரு. சாரல்ல நாறுது."

குரலில் பகை இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாசமாகச் சொன்னார். அதைவிடக் கொடுமை, என் இடுப்பு வளைந்தது. பட்டம், விசா, எட்டு வருட வேலை எல்லாவற்றையும் மீறி அது தானாக வளைந்தது. அந்த மனிதர்மேல் வந்த கோபத்தைவிட என் இடுப்பின்மேல் வந்த கோபம் பெரிது.

அதற்குள் லூக்காஸ் ஓடிவந்து, "கேர்ன!" என்று வேட்டியை எடுத்து வாளியில் போட்டு மூடி, தூக்கிக் குலுக்க ஆரம்பித்துவிட்டான். கேர்ன என்றால் சந்தோஷமாக என்று அர்த்தம். உடுத்த துணியையே நம்பிக் கொடுக்கிறாரே, என்ன நட்பான ஊர் என்று அவன் நினைத்திருக்கிறான்.

அண்ணாச்சி பதறிப்போனார். "ஐயோ, சார் எதுக்கு? ஏலே, அவரு செய்யப்புடாதுன்னு சொல்லுலே."

"என்ன சொல்கிறார்?" என்றான் லூக்காஸ்.

"உன் கை அழுக்காகிவிடுமாம்."

"துணி துவைத்தால் கை சுத்தம்தானே ஆகும்?"

அதைத் தமிழில் சொன்னேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

அலசிப் பிழிந்த வேட்டியை லூக்காஸிடமிருந்து வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நீட்டினேன். "வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி."

"அந்தக் கல்லுமேல வையி."

"கையில வாங்குங்க."

"வையிலேங்கேன்."

அவர் கை பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. வேட்டியிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டியது. நான் கையை விட்டேன். வேட்டி அவர் காலடிச் சகதியில் விழுந்தது.

"கீழ போட்டுட்டேன். எடுத்துக்கிடுங்க" என்றேன்.

சாயங்காலமே அப்பா போன் செய்தார். "அந்தத் தோப்புக்காரரு மச்சான் வீட்டுலேர்ந்து ஆளு வந்துட்டுப் போறாவ. ஒம் மவன் பெரியாளாயிட்டானாமேன்னாவ."

"நீங்க என்ன சொன்னீய?"

"சின்னப்பய, தெரியாமச் செஞ்சிட்டான்னேன்."

எனக்கு முப்பத்தொன்று. தெரிந்துதான் செய்தேன் என்றேன். "நீ பிளேன் ஏறிருவ. நான் அவிய தெரு வழியாத்தானய்யா பால் வாங்கப் போவணும்" என்றார் அப்பா.

குற்றாலச் சாரல் படத்தைப் போட்டு ஏக்கப்படும் வெளிநாட்டு நண்பர்களே, அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. மறைக்கவில்லை. ஆனால் உங்களுக்காகக் காத்திருப்பது ஓர் ஊர். எனக்காகக் காத்திருப்பது ஒரு கேள்வி: யாரு மவன்? ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்கிறீர்களே, ஒரு ஈரத்துணியை எங்கள் கையிலிருந்து வாங்கிப் பாருங்கள்.

மறுநாள் காலை ஊருக்குப் போனேன். கேம்பர் எங்கள் தெருவுக்குள் நுழையாது. லூக்காஸ் மெயின் ரோட்டில் வண்டியோடு நின்றான். பால் வாங்க நானும் வருகிறேன் என்று அப்பாவோடு கிளம்பினேன். அண்ணாச்சியின் மச்சான் வீடு இருக்கும் தெரு. வாசலில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். நான் யாரையும் பார்க்காமல், தலையையும் குனியாமல் நடந்தேன். பாதித் தெருவில்தான் பக்கத்தில் அப்பா இல்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். தூக்குவாளியோடு பத்தடி பின்னால், தெருவோரத்தில் தலை குனிந்தபடி வந்துகொண்டிருந்தார். அவர் வரட்டும் என்று நின்றேன். அவரும் நின்றுவிட்டார்.