சட்டைக்குள் கட்டிய மல்லிகை

எண்பதாம் ஆண்டு மாசி மாதம். பரந்தனுக்குக் கிழக்கே எங்கள் வயலில் நெல் அறுக்கும் அருவி வெட்டு நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. பங்குனியில் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் பந்தல், பலகாரம் என்று ஓடித்திரிய, நான் என் நெஞ்சைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தை உடைத்தே சொல்கிறேன். பதினான்கு வயதில் என் மார்பு பெண்பிள்ளைகளுக்குப் போல வளரத் தொடங்கியது. தானாகத் தணிந்துவிடும் என்று பார்த்தேன். தணியவில்லை. அன்று முதல் பிறர் முன்னால் நான் சட்டையைக் கழற்றியதில்லை. வாய்க்காலில் குளிப்பதும் சட்டையோடு, நெல் வெட்டுவதும் சட்டையோடு. கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போகக்கூடாது என்பதால் வெளிவீதியில் நின்றே கும்பிட்டேன். கேட்டவர்களுக்கு, வெயில் ஒத்துவராது என்று ஒரு பொய் வைத்திருந்தேன். கூட்டாளிகள் 'துரை' என்று பட்டம் வைத்தார்கள். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

ஆனால் மணவறையில் எந்தப் பொய் எடுபடும்? எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வேட்டியும் சால்வையுமாக, வெறும் மேலோடு இருக்க வேண்டும். ஊரே பார்க்கும். கல்யாணத்தையே நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு 'வைத்தியம்' நினைவுக்கு வந்தது. என் அக்கா பிள்ளைக்குப் பாலை நிறுத்தியபோது மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டியிருந்தா. பால் வற்றி மார்பு வாடிவிடும் என்று பெண்கள் கதைத்தது என் காதில் விழுந்திருந்தது. அவர்களுக்கு வாடினால் எனக்கும் வாடாதா? என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. விடியற்காலையில் வேலியோரத்து மல்லிகையை ஆய்ந்து நெஞ்சில் வைத்து, பழைய வேட்டியைக் கிழித்து மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினேன். மேலே சட்டை. ஐந்து நாள் இப்படியே வயலுக்குப் போனேன். வியர்வையோடு பூ வாசமும் எழும்ப, "துரை இப்பவே மாப்பிளையாகிட்டார்" என்று கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் வரப்பிலேயே மயங்கி விழுந்தேன்.

எனக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து எங்கள் பக்கத்தில் குடியேறியவர். நான் கண் விழித்தபோது ஒரு பாலை மரத்தடியில் கிடந்தேன். அவர் அரிவாளால் என் நெஞ்சில் கட்டியிருந்த துணியை அறுத்துக்கொண்டிருந்தார். கருகிய பூக்கள் வயிற்றில் கொட்டிக் கிடந்தன. மற்றவர்கள் ஓடிவருவது கேட்டது. செத்தேன் என்று நினைத்தேன். அவர் அவசரமாக என் சட்டைப் பொத்தான்களைப் பூட்டினார். பூவையும் துணியையும் காலால் வைக்கோலுக்குள் தள்ளினார்.

"ஒண்ணுமில்ல, வெயிலுதான். தண்ணி கொண்டாங்க," என்று அவர்களிடம் சொன்னார்.

மாலை வேலை முடிந்த பிறகுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, இன்னும் ரெண்டு நாள் இப்படிக் கட்டினீங்கன்னா மாப்பிள்ளைய தூக்கிக்கிட்டுத்தான் போகணும். நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வர்றேன்."

வெட்டு நடக்கும் காலத்தில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வவுனியா வரைக்கும் வந்தார். நான் உள்ளே போக, வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் கையால் அழுத்திப் பார்த்தார். என்னென்ன மருந்து குடிக்கிறேன் என்று விசாரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "இது கனபேருக்கு இருக்கு, தம்பி. ஒருத்தரும் வெளியிலை சொல்லுறதில்லை. இப்ப பயப்பிட ஒண்டுமில்லை. சத்திரசிகிச்சையும் தேவையில்லை. ஆனா இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு தானாப் போகாது." இறுக்கிக் கட்டக்கூடாது, தளர்வான பருத்திச் சட்டை போடு, வியர்த்தால் கழுவித் துடை, மாதம் ஒரு முறை நீயே தடவிப் பார், ஒரு பக்கம் கல்லுப்போல இறுகினாலோ முலைக்காம்பில் நீர் கசிந்தாலோ உடனே வா என்றார்.

போகாது என்ற சொல்தான் எனக்கு மருந்தானது. பதினொரு வருடமாகப் போகும் போகும் என்று காத்திருந்தேனே! திரும்பி வரும் பஸ்ஸில் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இனி மறைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். முதலில் தெரியவேண்டியவள் யார்?

மறுநாள் ஒட்டுசுட்டானில் பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் தாய் குசினியில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கண் கலங்கிப்போய் நின்றாள்.

"கலியாணம் வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தனீங்களோ எண்டு பயந்திட்டன்," என்றாள். பிறகு, "உடம்புக்கு ஆபத்தில்லை எண்டு டொக்டர் சொன்னவரோ?"

"ஓம்."

"அப்ப பிறகென்ன?"

கல்யாணத்தன்று ஐயர் சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பந்தலில் முணுமுணுப்பு எழும்பியது. யாரோ சிரித்ததும் கேட்டது. சால்வையை இழுத்து மூடத் தானாகக் கை போனது. போன கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மேளம் உரத்தது. அவர்களுக்குப் பார்க்க வேறு ஆயிரம் இருந்தன.

இன்றும் அந்த மார்பு அப்படியேதான் இருக்கிறது. மாதம் ஒரு முறை தடவிப் பார்க்கிறேன். கோயிலுக்கு உள்ளே போய்க் கும்பிடுகிறேன். கடைத்தெருவில் எவனாவது பார்த்துச் சிரித்தால் இப்போதும் நெஞ்சு சுருக்கென்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் சிரிப்புக்காக என் மூச்சை இறுக்கிக் கட்ட நான் இனி ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன்.