மேரியக்கா சுண்டிப் பார்த்த ஒரு ரூபாய்

பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மேரியக்கா தவறிவிட்டார். மெஷினை நிறுத்தினேன். அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. என்னைப் பற்றி அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருந்தது. இனி அதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டையில் நாம் மாதந்தோறும் கூடும் நாணயக் கூட்டத்தில், யார் காசு கொண்டு வந்தாலும் மதிப்புச் சொல்வார். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, தன் ஐந்து ரூபாய்க்கு லட்சம் கிடைக்கும் என்று அரிமளத்திலிருந்து ஒருவர் வந்தார். "அஞ்சு ரூவாதாண்ணே. கடையில குடுங்க, செல்லும்" என்றார் அக்கா. கோபித்துக்கொண்டு போனவர் அடுத்த மாதம் மச்சானையும் கூட்டி வந்தார்.

ஆறு வருடங்களுக்கு முன் நான் ஒரு ரூபாய் கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் சிங்கம். அச்சுப் பிழை என்று சொன்னேன். பச்சைப் பொய். இலுப்பூரில் என் பட்டறையில் நானே செய்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அறந்தாங்கித் தம்பி ஒருவர் நாற்பதாயிரத்துக்கு வாங்கத் தயார், மேரியக்கா பார்த்துவிட்டால் போதும் என்றார். அக்கா லென்ஸை வைத்துப் பார்த்தார். விளிம்பின் உட்புறம் நகத்தை ஓட்டினார். பிறகு மேஜையில் சுண்டினார். கணீரென்று வரவில்லை, மழுங்கிய சத்தம்.

"ரெண்டு காசைக் கடைஞ்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணச் செருகியிருக்கு, தம்பி. வாங்காதீங்க."

என்னையும் எவனோ ஏமாற்றிவிட்டான் என்று அந்தத் தம்பி பரிதாபப்பட்டார். பாவி நான், தலையை ஆட்டினேன். அவர் போனதும் அக்கா, லேத் தூள் ஏறிக் கறுத்திருந்த என் விரல்களைப் பார்த்தார். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"காசப் பத்திச் சொல்றது என் வேலை. ஒங்களப் பத்தி நீங்கதான் சொல்லணும்."

விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுமாதம் தன் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொன்னார். கடைந்த காசு வந்தால் எனக்குத்தான் முதலில் தெரியுமாம். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும், ஆரம்பிக்கும் முன் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். நான் குனிந்துகொள்வேன். கொஞ்சம் பொறுத்துவிட்டு முதல் ஆளைக் கூப்பிடுவார்.

ஆவூரில் அடக்கம் முடிந்ததும், இனி நான்தான் மதிப்புச் சொல்ல வேண்டும் என்றீர்கள். பஸ் பிடித்து இலுப்பூர் வந்துவிட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் பொறுத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான். அவர் காதில் விழும்படி சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களிடம் இப்போது சொல்லிவிட்டேன். இனி உங்கள் காசை என்னிடம் காட்டலாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.