மஞ்சக்கோடு

காரை நிறுத்திய பிறகும் இறங்க மாட்டார். முதலில் தன் பக்கத்துக் கதவை முழுக்கத் திறந்து பார்ப்பார், பக்கத்து வண்டியில் இடிக்கிறதா என்று. பிறகு எட்டி அந்தப் பக்கத்துக் கதவு. இரண்டும் தாராளமாகத் திறந்தால்தான் காலைக் கீழே வைப்பார். கடைக்குப் போனாலும் இதே கூத்து, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதே கூத்து. "கல்யாணத்துக்கு வந்தா எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையப் பாப்பாங்க. இவரு பார்க்கிங்கைப் பாத்துட்டுதான் உள்ளயே வருவாரு" என்பது மனைவியின் தீராத புலம்பல்.

நகரமைப்பு அலுவலகத்தில் அவருக்கு மஞ்சக்கோடு என்று பெயர். வண்டி நிற்கிற இடத்தில் அடிக்கிற கோட்டால் வந்தது. யார் எதைக் கட்ட நினைத்தாலும் வரைபடம் அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். வண்டிகளுக்குப் போதிய இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. மேலதிகாரியே தலையாட்டினாலும் இவர் காதில் செருகிய பென்சிலைக் கையில் எடுக்காதவரை ஒரு செங்கல் நகராது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று அங்கே இவரை வைத்துத்தான் சொல்வார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். "நான் என்ன பண்ண, ரூலு அப்படி" என்று சிரிப்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்தப் பிரார்த்தனைக் கூடத்தின் வரைபடம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் தையல்கார அம்மாள் ஒருவர். துணி ஆலையிலும் பிறர் வீடுகளிலும் வேலை செய்கிறவர்கள், பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கூடிக் கும்பிட்டு வந்தார்கள். கிடங்குக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மனை வாங்கிவிட்டார்கள். அதில் கட்ட அனுமதி கிடைக்காவிட்டால் அவர்கள் கூடுவதற்கு இடமே இல்லை.

விதியின் அழகைக் கேளுங்கள். பெஞ்சு போட்ட கூடமென்றால், பெஞ்சில் உட்காருகிற ஆட்களுக்குத் தக்கபடி கார் நிறுத்த இடம் விட்டால் போதும். தரையில் உட்காருகிற கூடமென்றால், தரை முழுக்க ஆள் நெருக்கியடிப்பதாக வைத்துக்கொண்டு கணக்கு எகிறிவிடும். இவர்கள் தரையில் உட்காருகிறவர்கள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற ஜனங்கள் தலையில், பெஞ்சுக்காரர்களைவிட அதிகமாகக் கார்களைக் கட்டிவிடுகிறது விதி! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மஞ்சக்கோட்டுக்கும் எரிந்தது, பொய் சொல்லக் கூடாது. பிரார்த்தனை நாளன்று கிடங்குக்கு எதிரே போய் நின்று பார்த்தார். கிழவிகூட நடந்துதான் வந்தாள். 'பெரும்பாலோர் நடந்து வருகிறவர்கள், விதியைத் தளர்த்தலாம்' என்று ஒரு வரி பரிந்துரை எழுத அவருக்கு அதிகாரம் உண்டு. எழுதியிருந்தால் அன்றோடு வேலை முடிந்திருக்கும்.

குறுக்கே வந்தது வீடு. மனைவியின் அண்ணன் மாடி வீடு கட்டிக்கொண்டிருப்பது அந்த மனை இருக்கிற தெருவில்தான். "மாப்ள, சாமி கும்பிடறதுக்கு நாங்க எதிரியா? பார்க்கிங்தான் பிரச்சினை. குழந்தைங்க ஓடியாடுற தெரு" என்று போனில் உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அந்த ஜனங்கள் தெருவுக்குள் வரக் கூடாது, அதுதான் விஷயம். அதை வாய்விட்டுச் சொன்னால் அசிங்கம். பார்க்கிங் என்றால் கௌரவம்.

"எங்கண்ணன் உங்களப் பொய் எழுதவா சொல்றாரு? ஒண்ணும் எழுதாம இருங்கன்னுதானே கேக்குறாரு. அதுக்குமா கை வலிக்குது?" என்றாள் மனைவி.

மனிதர் குறுக்குவழி ஒன்று கண்டுபிடித்தார். தையல்கார அம்மாளைக் கூப்பிட்டு, "படத்துல பெஞ்சு வரைஞ்சு கொண்டாங்கம்மா. கணக்கு குறைஞ்சிடும். அப்புறம் பெஞ்சு வாங்கினீங்களான்னு எவன் வந்து பாக்கப்போறான்?" என்றார் தாழ்ந்த குரலில். இந்த வித்தையில் தப்பித்தவர்கள் எத்தனையோ பேர்.

அம்மாள் தன் ஆட்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "வேணாம் சார். சாமிக்குக் கட்டுற இடத்துல மொத கல்லே பொய்யா இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. நாங்க நடந்து வர்றத நீங்களே பாத்தீங்களே. அதை மட்டும் எழுதுங்க, போதும்."

வந்ததே கோபம் அவருக்கு! "பொழைக்கத் தெரியாத ஜனங்க" என்று வீட்டில் பொரிந்து தள்ளினார். அவர்கள் ஒரு பொய் வரைந்திருந்தால் இவர் உண்மை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அன்றைக்குச் சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஆட்சேபக் கூட்டத்துக்குத் தெருக்காரர்கள் திரண்டு வந்தார்கள். அலுவலக வாசலையே அடைத்துக் கார்களை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பார்க்கிங்கைப் பற்றிப் பேசினார்கள். கேட்டு முடித்த மேலதிகாரி இவர் பக்கம் திரும்பினார்.

"தளர்வுக்குப் பரிந்துரை ஏதாவது உண்டா?"

"ரூல்படி இடம் போதலை சார்."

"அது தெரியும். பரிந்துரை உண்டா, இல்லையா?"

தையல்கார அம்மாள் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார்."

அனுமதி மறுக்கப்பட்டது. நடைபாதையில் மச்சான் ஓடி வந்தார். "மாப்ளன்னா மாப்ளதான்யா!" என்று எல்லோர் எதிரிலும் தோளில் கைபோடப் பார்த்தார். பின்னால் வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்தபடி அம்மாள் வழிக்காகக் காத்து நின்றார். மச்சான் குள்ளம், கை எட்டவில்லை. மஞ்சக்கோடு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தோளைத் தாழ்த்திக் கொடுத்தார்.