நம்பர் வேற, வரி வேற: பரீனா டீச்சர் நினைவாக

செய்தி வந்தபோது மாரியம்மாள் ஆசிரியர் அறையில் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியை வங்கியில் வைப்பிலிட்டு, அந்த வட்டியில்தான் மருந்து வாங்குகிறார். ஏப்ரலோடு புதிய வரி ஆண்டு பிறந்துவிட்டது. அவருடைய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும், வட்டியில் வரி வெட்ட வேண்டாம் என்று ஒவ்வொரு வரி ஆண்டும் வங்கிக்குப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மருந்துக் காசில் கைவைத்துவிடுவார்கள். அதற்காக, நான் படிப்பிக்கும் பாடசாலையின் வர்த்தகப் பாட ஆசிரியை பரீனா டீச்சரைத் தேடி வந்திருந்தார். அப்போதுதான் டீச்சரின் கணவர் தொலைபேசியில், "பரீனா மௌத்தாகிட்டா" என்றார். மாரடைப்பாம்.

மாரியம்மாள் அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என்னைய பேங்குக்கு யாருங்க கூட்டிட்டுப் போவா டீச்சர்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீனா டீச்சரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய பொறுமையின்மையும் தெரியும். பதினெட்டு வயதைத் தாண்டிய எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்ற அறிவிப்பு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் அறைக்கு, போனார். நம்பர் தருகிறார்கள் என்றால் நிவாரணத்துக்காகத்தான் இருக்கும் என்று பெண்களெல்லாம் நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். 'வரி' என்ற சொல் காதில் விழுந்ததும் ஒவ்வொருவருக்கும் அடுப்பில் வைத்த சோறு ஞாபகம் வந்துவிட்டது. நம்பர் எடுத்தால் இருக்கிற நிவாரணத்தையும் வெட்டிவிடுவார்கள் என்று அவர்கள் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. மாரியம்மாள் மட்டும் இருந்தார். முழங்கால் வலியில் அவரால் சட்டென்று எழும்ப முடியவில்லை.

"இந்தா பாருங்க, நம்பர் எடுக்கிறது வேற, கணக்குக் காட்டுறது வேற, வரி கட்டுறது வேற. மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க" என்று அந்த ஒருவருக்கு, காம்பரா நிறைய ஆள் இருப்பதுபோல் சத்தமாகச் சொன்னார் டீச்சர். வெளியே ஜன்னலோரம் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

பிறகு மாரியம்மாளோடு வங்கி. நம்பர் இருக்கிறதென்றால் வரி கட்டுகிறவர்தானே, வெட்டாமல் எப்படி விடுவது என்று சிங்களத்தில் கேட்டார் அங்கிருந்த உத்தியோகத்தர். பரீனா டீச்சர் மிக மரியாதையான சிங்களத்தில் பேசத் தொடங்கினார். எனக்குப் பயமாகிவிட்டது. அவருக்குக் கோபம் வந்தால்தான் மரியாதை வரும். கடைசியில் உத்தியோகத்தர் மேலாளரிடம் கேட்டுவந்து படிவத்தில் முத்திரை குத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் பரீனா டீச்சர் செருப்பைக் கழற்றி, வீங்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன். "எனக்கும் அலுத்துப்போச்சு டீச்சர். ஆனா தெரிஞ்சி வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கிறது அதைவிட அலுப்பு" என்றார். பேசி முடிப்பதற்குள் தூங்கிப்போனார்.

செய்தி வந்த அன்று மாலையே அவருடைய அடக்கம் முடிந்தது. அடுத்த கிழமை மாரியம்மாளை நான் வங்கிக்குக் கூட்டிப்போனேன். புதிய உத்தியோகத்தர், அதே கேள்வி. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. என் சிங்களமும் அரைகுறை. நம்பர் வேறு, வரி வேறு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என்னை அனுப்பிவிட்டால் போதும் என்றாகியிருக்க வேண்டும், படிவத்தை வாங்கிக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் அழுகை வந்தது. இந்த வெற்றியைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் பரீனா டீச்சர்தான்.

பஸ்ஸில் மாரியம்மாள் என் கையைப் பிடித்தார். "வர்ற வருசமும் நீங்கதானே வருவீங்க?"

பரீனா டீச்சரின் துணிச்சலை நான் எடுத்துக்கொள்ள முடியாது. அவருடைய அலுப்பு எனக்கு ஏற்கெனவே இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது, வருடா வருடம் வங்கிக்குப் போகவேண்டிய இந்த ஏப்ரல் மாதத்தை மட்டும்தான்.

"ஆமா, நான்தான் வருவேன்" என்றேன்.