செவ்வாயைப் பார்க்க ஒரு தொலைநோக்கி

விளம்பரத்தின் முதல் வரியே குறையைத்தான் சொன்னது. "லென்ஸில் பூசணம் பிடித்திருக்கிறது. நேரில் வந்து பார்த்துவிட்டு வாங்கவும்." ஓடாத மோட்டார் சைக்கிளைக்கூட நல்ல கண்டிஷன் என்று எழுதி விற்கிற முகநூலில் இப்படி ஒரு மனிதர். தொலைநோக்கியைவிட அவரை எனக்கு முதலில் பிடித்துவிட்டது.

நான் மலேசியாவில், கோலா சிலாங்கூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. ஐம்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எனக்கு வரன் பார்க்கிற பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. பெண் பார்க்க வந்தவர்கள் நாற்காலியில் சரியாக உட்கார்வதற்குள், "பொண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இருக்குங்க, பிற்பாடு பேச்சு வரக்கூடாது பாருங்க" என்று சொல்லிவிடுவார். நான் தேத்தண்ணித் தட்டோடு வரும்போது எல்லோரும் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேசரி நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

அந்தச் செவ்வாயை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக இருந்தது. ஆசை என்று சொல்ல முடியாது, ஆத்திரம்தான். கோயிலில் சிவப்புத் துணி கட்டி நிற்கும் சிலையைப் போதும் போதும் என்கிற அளவுக்குச் சுற்றியாயிற்று. மேலே இருக்கிற ஆளைப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கினால் பெட்டியைப் பிரித்துவிட்டு யாரிடம் போய்க் கேட்பது? பழையது என்றால் வைத்திருந்தவர் சொல்லிக்கொடுப்பார். வீட்டில், சும்மா நட்சத்திரம் பார்க்க என்று சொல்லி வைத்தேன்.

விற்கிறவர் வீடு சபாக்கில். அண்ணன்தான் காரோட்டினார்.  செகிஞ்சான் வயல்களைத் தாண்டியதும், "பூசணம் புடிச்சதுக்கு இவ்வளவு தூரமா லா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விற்கிறவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். எங்கள் இருவரையும் முன்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் தொலைநோக்கியை உள்ளேயிருந்து தூக்கி வந்தார். மூடியைக் கழற்றி, கைப்பேசி விளக்கை லென்ஸுக்குள் அடித்துக் காட்டினார். நடுவில் மஞ்சளாக ஒரு கறை. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நூல் பிரிந்து ஓடியிருந்தது.

"இது எப்படிண்ணே நடுவுலேருந்து கிளம்பியிருக்கு?" என்று விற்கிறவரிடம் கேட்டேன்.

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து அவர் மனைவியே சொன்னார். "நான்தான் தங்கச்சி. ஆயுத பூசைக்கு லோரிக்கு வெச்சேன், தையல் மிஷினுக்கு வெச்சேன், இதுக்கும் வெச்சேன். பார்க்கக் கண்ணாட்டம் இருந்துச்சா, அதுலயே சந்தனப் பொட்ட வெச்சிட்டேன்."

"வெச்சது கூட பரவால்ல. ஈரத்தோட மூடியப் போட்டு மூடிட்டா" என்றார் அவர்.

"பூசையில வெச்ச பொட்ட நாமளா அழிக்கலாமா? தானா காஞ்சி விழுவும்னு விட்டேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் போன வருடத்துப் பொட்டோடுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அக்காவின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

மேலே இருந்ததை விற்கிறவர் துடைத்துப் பார்த்தாராம், வேர் மாதிரி கண்ணாடியிலேயே இறங்கிவிட்டதாம். கிள்ளானில் ஒரு கேமரா கடையில் காட்டியதற்கு, முழுசாகப் போகாது என்று சொல்லிவிட்டார்களாம். எல்லாவற்றையும் அவரே சொன்னார். தெரியும், ஆனால் கொஞ்சம் புகை படிந்த மாதிரி தெரியும் என்றார்.

அண்ணன் என்னிடம் குனிந்து, மெல்லிய குரலில் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "கொறை இருக்குன்னு அவரே சொல்றாரு. தெரிஞ்சே யாராச்சும் எடுப்பாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை, கொஞ்சமும் மாறாமல், எங்கள் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு மாப்பிள்ளையின் அம்மா சொன்னதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறேன். அண்ணன் அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ.

"இருட்டட்டும்ணே, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன் அண்ணனிடம். குரல் எனக்கே கடுமையாகத்தான் கேட்டது. அந்த அக்கா மறுபடியும் தேத்தண்ணி போடப் போனார்.

பொழுது சாய்ந்ததும் விற்கிறவர் வீட்டுக்குப் பின்புறம் முக்காலியை நிறுத்தி, அதன்மேல் தொலைநோக்கியை மாட்டினார். செம்பனை மரங்களுக்கு மேலே வானம் நல்லவேளையாகத் தெளிந்திருந்தது. நிலாவைக் காட்டவா என்று கேட்டார்.

"செவ்வாயக் காட்டுங்கண்ணே."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கடுகு. சுற்றிலும் பூசணத்தின் மங்கல். கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன், அதே கடுகுதான். கோபமாக எதையாவது சொல்லவேண்டும் என்று இத்தனை நாள் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அதனிடம் போய் என்ன சொல்வது? அது பாட்டுக்கு லேசாக நடுங்கிக்கொண்டு நகர்ந்து வட்டத்தை விட்டு வெளியே போயிற்று. எனக்கு அழுகை வந்தது. வருத்தத்தினால் வந்த மாதிரி தெரியவில்லை.

விற்கிறவர் குழாயை நகர்த்தி மறுபடியும் பிடித்துக் கொடுத்தார். இந்த முறை, யாரும் கூப்பிடாமலே, அண்ணன் வந்து குனிந்தார். மூட்டு வலிக்காரர், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, அது நகர்ந்து போகிற வரைக்கும் அப்படியே நின்றார். கொசு கடித்தும் தட்டவில்லை.

"இதத்தானா" என்றார். பிறகு, கண்ணை எடுக்காமலே, "இதத்தானா நான் வர்றவங்ககிட்டெல்லாம் மொதல்ல சொன்னேன்?"

 

நிமிர்ந்தவர் நேராக முக்காலியிடம் போய்க் கால்களை மடக்க ஆரம்பித்தார். அவருக்கு அது பழக்கமில்லை, ஒரு கால் மாட்டிக்கொண்டது. விற்கிறவர் உதவிக்கு வந்தார். நல்ல மனிதர், கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார்.

"பூசணம் இருக்கு சார். நல்லா யோசிச்சிக்குங்க."

"இருந்துட்டுப் போவட்டுங்க" என்றார் அண்ணன். "நாங்க எடுத்துக்கிறோம்."

நான் இருட்டில் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இந்த வார்த்தையை யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டார்களா என்று தேத்தண்ணித் தட்டைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்.