மறையெண் கேட்ட மகிழுந்து

என் மனைவியின் நுரையீரலில் தழும்பு படர்ந்திருப்பதாக மருத்துவர் சொன்ன நாள்முதல், காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பதே எங்கள் வீட்டின் முதற்கடமை ஆயிற்று. திருவொற்றியூரில் கடலுக்கு நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு. கிழக்கிலிருந்து வந்தால் சாளரங்களைத் திறப்போம். வடக்கிலிருந்து திரும்பினால் கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும்; உடனே மூடிவிடுவோம். வீட்டுக்குள் இவ்வளவும் எங்கள் கையில் இருந்தது. சாலைதான் எங்கள் கையில் இல்லை.

வாரத்திற்கு இருமுறை அவளை நகரின் நடுவிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் சரக்குந்துகள், முதுகில் இரும்புப் பெட்டிகளோடு, எங்கள் பகுதியிலிருந்து இராயபுரம் வரை வரிசையாக நிற்கும். புத்தாயிரம் பிறந்து நான்கைந்து ஆண்டுகள் ஆன காலம் அது. ஒரு மணி நேரப் பயணம் சில நாள் மூன்று மணி நேரமாகும். மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, “லாரிப் புகை மட்டும் இவங்களுக்கு ஆகவே ஆகாது சார். கார்ல கண்ணாடிய ஏத்திடுங்க. வெளிக்காத்து உள்ள வராம, உள்காத்தையே சுத்த விடுங்க. அது ஒன்னுதான் இப்ப நாம செய்யக்கூடியது” என்றார்.

மகிழுந்து என் மைத்துனருடையது. கப்பலில் பொறியாளராகப் பணிபுரிந்த அவர் வெளிநாட்டிலிருந்து அதை இறக்கி, மீண்டும் கடலுக்குப் போகும்போது தமக்கையின் பயன்பாட்டுக்கு விட்டுச் சென்றிருந்தார். அதன் முகப்பில் வானொலியும் குளிரூட்டியும் ஒரே பலகையாக இணைந்திருந்தன. நடுவில் பச்சை ஒளி வீசும் சிறு கண்ணாடி. கீழே ஒரு பொத்தானில் வண்டியின் படமும் அதனுள் வளைந்து திரும்பும் அம்புக்குறியும். அதை அழுத்தினால் உள்ளே எங்கோ ஒரு மடல் மூடிக்கொள்ள, வெளிக்காற்று நின்றுவிடும். என் மனைவி அப்பொத்தானை ‘வளையம்’ என்பாள். சரக்குந்து நெருங்கும்போது அழுத்துவாள். கடலோரம் வெறிச்சோடிய இடம் வந்தால் மறுபடி அழுத்தி மடலைத் திறந்துகொள்வாள். மருத்துவமனைக்குப் போய்வரும் வழியில் அவள் விரல் அந்தப் பொத்தானை விட்டு நீங்கியதில்லை.

ஒருநாள் வண்டியின் மின்கலம் வலுவிழந்தது. எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்தில் தார்ப்பாய்க் கூரையின்கீழ்ச் சரக்குந்துகளைப் பழுதுபார்ப்பவர் ஒருவர் எனக்குப் பழக்கம். புதிய மின்கலத்தைக் கடையிலிருந்து அனுப்பச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரே வீட்டுக்கு வந்தார். வந்ததும் மூடியைத் தூக்கி மின்கலத்தின் இணைப்புகளைக் கழற்றினார். துறைமுக வரிசையில் இரண்டு நாள் மூன்று நாள் நிற்கும் ஓட்டுநர்கள் அனைவரும் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உறங்குவார்களாம். அவர் கையும் அப்படியே பழகியிருந்தது.

“எந்த வண்டியத் தொட்டாலும் மொதல்ல தலையக் கழட்டிடுவேன் சார். அப்பால அது செத்த பாம்பு. இன்னா வேணாலும் பண்ணலாம்” என்றார்.

மின்கலம் அமரும் துருப்பிடித்த தட்டை வெந்நீர் ஊற்றித் தேய்த்து முடிக்கையில் புதிய மின்கலம் வந்து சேர்ந்தது. அதைத் தூக்கியவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“பத்தர தாண்டிட்ச்சு. ராகு காலம் சார். லாரின்னா மாட்டிக்கினு போய்னே இருப்பேன். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி இது. புது பேட்டரிய இப்பப் போயி மாட்டலாமா, நீங்களே சொல்லுங்க. பன்னெண்டு அடிக்கட்டும்.”

நாள், கோள், வேளை பார்ப்பதை வகுப்பறையிலும் மேடையிலும் முப்பதாண்டுகளுக்கு மேலாக மறுத்துப் பேசியவன் நான். எங்கள் திருமணமே நண்பகலில் நாள் பாராமல் நடந்தது. அன்றும் மறுத்திருப்பேன். ஆனால் சாளரத்தின் அருகே துண்டால் மூக்கை மூடியபடி நின்ற என் மனைவி, “ஒன்றரை மணி நேரந்தானேங்க. அவரு நல்லதுக்குத்தானே சொல்றாரு” என்றாள். நோய் வந்தபின் அவள் என்னிடம் கேட்டவை மிகச் சிலவே. நான் அடங்கினேன். பழுதுபார்ப்பவர் தேநீர் அருந்திவிட்டு, வாயிற்படியில் சாய்ந்து செய்தித்தாள் படித்தார்.

பன்னிரண்டுக்கு மின்கலம் ஏறிற்று. சந்தனம் வைத்து, சக்கரத்தின்கீழ் எலுமிச்சை வைத்து, இயக்கினார். முதல் திருப்பிலேயே வண்டி உயிர்பெற்றது. அவர் முகம் மலர்ந்து, பிறகு சுருங்கிற்று.

“இன்னா சார் இது, ஏதோ கேக்குது?”

பச்சைக் கண்ணாடியில் ஆங்கில எழுத்துகளில் ஒரு சொல்லும் நான்கு கோடுகளும் நின்றன. நான்கு இலக்க மறையெண்ணை அது கேட்டது. தராதவரை வானொலி ஊமை, குளிர்ச்சி இல்லை, வளையத்தை அழுத்தினால் மறுமொழியில்லை. விசிறி மட்டும் தெருவின் புழுதியை முழு வேகத்தில் உள்ளே வீசிக்கொண்டிருந்தது.

மைத்துனர் அடுத்த துறைமுகத்திலிருந்து பேசியபோது, “திருட்டுக்குப் பயந்து வெச்ச பூட்டு அது, கரண்ட் நின்னா நம்பர் கேக்கும். எனக்கும் நம்பர் தெரியாது அத்தான். நான் வாங்கறப்பவே அது ரெண்டாவது கை. சீட்டு எதுவும் குடுக்கல” என்றார்.

அடுத்துச் செய்தது முற்றிலும் என் பிழை. செல்லரித்த ஏடுகளில் உதிர்ந்துபோன சொற்களைப் பொருளையும் யாப்பையும் கொண்டு மீட்டுப் பழகியவன் நான். ஒருவர் ஓர் எண்ணைத் தேர்ந்திருந்தால் அதில் அவருடைய காரணம் ஒட்டியிருக்கும் என்று நம்பினேன். குறிப்பேடு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். வண்டி செய்யப்பட்ட ஆண்டு, இயந்திர எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், பழைய பதிவெண், அவற்றைத் திருப்பிப் போட்டவை. மூன்று முறை தவறினால் அது ஒரு மணி நேரம் காக்க வைத்தது; காத்திருந்தேன். இரண்டு நாள் அப்படிக் கழிந்தது. பத்தாம் எண்ணை இட்டதும் அந்தக் கேள்வியே மறைந்து, வெறுங்கோடுகள் மட்டும் எஞ்சின; அதன்பின் எந்த எண்ணையும் அது வாங்கவில்லை. அவ்வெண்ணை எந்த மனிதரும் தேர்ந்திருக்கவில்லை என்பதும், தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் வரிசைப்படி இட்ட எண் அது என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் வானொலிகளைச் செப்பனிடும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். தெருவே அவரைப் பாய் என்று அழைத்தது. நானும் அவ்வாறே அழைத்தேன். கதவைத் திறந்து பச்சைக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார்.

“எத்தினி வாட்டி அமுக்கினீங்க?”

“பத்து முறை.”

“படிச்சவர் கை, அதான். எங்காளுங்கன்னா மூணு வாட்டி பாத்துட்டு ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிருப்பானுங்க. சரி, பேட்டரிய எம்மாந்நேரம் கழட்டி வெச்சிருந்தாங்க?”

“ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்.”

“ஒன்ற அவரா? பேட்டரி மாத்த எதுக்கு சார் ஒன்ற அவரு?”

இராகு காலம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவரே தொடர்ந்தார். “அஞ்சு நிமிசம், பத்து நிமிசம்னா தாங்கியிருக்கும். உள்ள கொஞ்சம் கரண்ட்டப் புடிச்சி வெக்கிற கெபாசிட்டர் ஒன்னு கீது. கொஞ்ச நேரம் மூச்சப் புடிச்சிக்கினு கெடக்கும். ஒன்ற அவரு எவன் புடிச்சிக்கினு இருப்பான்?”

இதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. ‘அவரு நல்லதுக்குத்தானே சொல்றாரு’ என்றது அவள், இசைந்தது நான். இருவரில் யார் பிழை என்று பிரித்து எடுப்பதால் அவளுக்கு ஒரு மூச்சும் மிகுதியாகக் கிட்டப்போவதில்லை.

பாய் மூன்று வாரம் உழைத்தார். அந்நாள்களில் வாடகை வண்டியில், முகத்தில் ஈரத்துணி கட்டி அவளைக் கொண்டுபோனேன். காசிமேட்டைத் தாண்டுமுன் துணி கறுத்துவிடும். மூன்றாம் முறை சென்றபோது, படியேறுகையில் அவள் இரண்டிடத்தில் நின்றாள், அதற்குமுன் நின்றதில்லை. மருத்துவர் ஊதச் சொன்ன குழாயில் குண்டு பாதி உயரத்துக்குமேல் எழவில்லை. “வண்டி இன்னும் ரெடியாகலியா?” என்று என்னைத்தான் கேட்டார்.

வெளிநாட்டிலிருந்து பழைய உதிரிப்பொருள்களாக வந்திறங்கியவற்றில் தேடி, அதே வகைப் பலகை ஒன்றைப் பாய் பிடித்துவந்திருந்தார். அது பூட்டப்படாதது. பொருத்தியதும் வானொலி கணீரென்று பாடிற்று, குளிரும் வந்தது. நான் அவர் கைகளைப் பற்றிக்கொண்டேன்.

“இருங்க சார்” என்று வளையத்தை அழுத்திக் காட்டினார். விளக்கு எரிந்தது. மடல் அசையவில்லை. “பாட்டு பாடுது, ஜில்லுனும் கீது. மடலுக்கு மட்டும் இது சொல்ற பேச்சு புரியல. இது வேற வண்டில இருந்த சாமான். அதோட நெனப்புல அந்த வண்டிதான் கீது.”

“அந்த நினைவை மாற்ற இயலாதா?”

“அதையும் பாத்துட்டேன்.” எட்டுக் கால்களுடைய கறுப்புச் சில்லு ஒன்றைக் குறடால் எடுத்துக் காட்டினார். பழைய பலகையின் நினைவெல்லாம் அதில் இருந்ததாம். அதைக் கணிப்பொறியில் படித்துப் புதியதில் எழுதியிருக்கிறார். “எழுதினா நம்ம வண்டியத் தெரிஞ்சிக்குது. ஆனா நீங்க போட்ட பூட்டும் கூடவே வந்துடுது. பூட்டு வேணாம்னா வண்டியத் தெரியல. வண்டி வேணும்னா பூட்டு. நாலு வாட்டி எழுதிட்டேன் சார், அதேதான்.”

“ரெண்டையும் பிரிக்கிற இடம் எதுன்னு தெரிஞ்சவன் ஒருத்தன் எங்கியாச்சும் இருப்பான்” என்றபடி சில்லை என்னிடம் நீட்டினார். “எனக்குத் தெரியல. பொய் சொல்லி உங்கள அலைய வுட மாட்டேன்.”

எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பொருள் காண்பதே என் வாழ்நாள் தொழில். நகக்கண் அளவுள்ள அந்தச் சில்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் மனைவியின் மூச்சுக்கு வேண்டிய ஒன்று அதில் எழுதப்பட்டிருந்தது. எனக்கு அதில் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியவில்லை.

இறுதியில் பாய் முகப்பின் அடிப்பகுதியைக் கழற்றி, கையை முழங்கை வரை விட்டு, மடலை விரலால் தள்ளி மூடினார். அது திரும்பாதபடி செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

“இனிமே புகை வராது. ஆனா ஒன்னு சார், மூடினது மூடினதுதான். தொறக்கணும்னா மறுபடி எல்லாத்தையும் கழட்டணும். அம்மாகிட்ட சொல்லிடுங்க.”

சொன்னேன். “புகை வராதில்ல, அது போதும்” என்றாள். மறுநாளே மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். வண்டிக்குள் குளிர் நிறைந்தது; வெளியே சரக்குந்துகள் கக்கிய கரும்புகை கண்ணாடியில் மோதி விலகிற்று. துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வானொலியில் ஏதோ பேச்சு ஓடிற்று. தண்டையார்பேட்டை வரை அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நான் என்னை மன்னித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

காசிமேட்டுக்கு அருகில் சாலை முழுவதுமாக நின்றது. கால் மணி, அரை மணி. முன்னாலும் பின்னாலும் இரும்புப் பெட்டிகள். உள்ளே சுழன்ற காற்றையே நாங்கள் இருவரும் திரும்பத் திரும்ப மூச்சாக்கிக் கொண்டிருந்தோம். எனக்கே தலை கனத்தது. அவள் கை வளையத்தைத் தேடிப் போயிற்று. அழுத்தினாள், மீண்டும் அழுத்தினாள். பிறகு நினைவு வந்தவளாகக் கையை இழுத்துக்கொண்டாள்.

“மூச்சு முட்டுதுங்க. கொஞ்சம் கண்ணாடிய இறக்குங்க.”

“பக்கத்தில் சரக்குந்து நிற்கிறதம்மா.”

“தெரியுது. இறக்குங்க.”

எல்லாச் சாளரங்களுக்குமான விசைகள் என் பக்கக் கதவில் இருந்தன. இறக்கினேன். மீன்வாடையும் புகையும் கடற்காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. அவள் இருமினாள், இருமி முடித்து ஒருமுறை ஆழ மூச்சிழுத்தாள். “பத்து எண்ணிட்டு மூடிடுங்க” என்றாள். எண்ணி மூடினேன். சில நிமிடங்கள் கழித்து மறுபடி தலையசைத்தாள். மறுபடி இறக்கினேன்.

அன்றுமுதல் ஒவ்வொரு பயணமும் அவ்வாறே ஆயிற்று. இடக்கை சக்கரத்தில், வலக்கை விரல் விசையில். கண் ஒன்று சாலையில், மற்றொன்று அவள் மார்பு எழுந்தடங்குவதில். எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதைப் பலமுறை பிழையாகவே கணித்தேன். வெறிச்சோடியிருக்கிறது என்று இறக்கிய கணத்தில், பக்கத்தில் நின்ற சரக்குந்து அசைந்து ஒரு பெரும் புகையை உமிழும். ஏற்றுவதற்குள் பாதி உள்ளே வந்திருக்கும். கண்ணாடி ஏறும் வேகத்தைக் கூட்ட என்னால் ஆகவில்லை. விசையை இன்னும் அழுத்தமாக அழுத்திக்கொண்டிருப்பேன். அவள் துணியை முகத்தில் பொத்தியபடி, என் பக்கம் திரும்பாமல், ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவாள்.