பாலியெஸ்டர் என்று நிரூபணமான சாயங்காலம்

தீப்பிடித்தபோது வீட்டில் இருந்தது மூன்று பேர்: அப்பா, மாமா, நான். அம்மா இல்லை. மறுநாள் தீபாவளி என்பதால் போனஸ் வாங்கக் கம்பெனிக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் தீப்பெட்டி அடுப்படியை விட்டு நகர்ந்தே இருக்காது.

அந்த போனஸ் பணம் எட்டாயிரம் ரூபாயும் எதற்கென்று எங்கள் மூவருக்கும் தெரியும். ஒரு பழைய ஓவர்லாக் மிஷின் வாங்கி வீட்டிலேயே தைக்க வேண்டும் என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மிஷினைப் பேசியும் வைத்துவிட்டாள்.

முதலிபாளையத்தில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. செங்கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை. தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் ஓடு, தகரம், இல்லையென்றால் மொட்டை மாடி. அதனால் தீபாவளிக்கு ராக்கெட் விடுவது அவர்கள் பாடு, கூரையை நனைப்பது எங்கள் பாடு என்று வருடாவருடம் நடந்து வந்தது. அந்த வருடம் குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாளாகியிருந்தது. மிச்சம் நாலு குடம். எனக்கு ஒன்பது வயது. குடத்துக்குக் காவல் நான்தான்.

சாயங்காலம் மாமா மொபெட்டில் வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. சாயம் திட்டுத் திட்டாக ஏறிக் கழித்துப் போட்ட பச்சைத் துணி ஒரு ரோல் கொண்டு வந்திருந்தார்.

"சுத்தக் காட்டனுங்க மச்சான். கூரை மேல விரிச்சு நனைச்சு உட்டா விடிய விடிய ஈரம் நிக்கும். ராக்கெட்டு வந்து உழுந்தாலும் அதுக்குத்தான் சளி புடிக்கும்."

அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டுபவர். பதினைந்து வருடமாகத் துணி அவர் கண் முன்னால்தான் பிறந்து வருகிறது. கூரையின் பாதியைப் பச்சையாக மூடி முதல் குடத்தை ஊற்றியதும் அவர் முகம் மாறியது. தண்ணீர் துணியில் ஊறவே இல்லை. முத்து முத்தாக உருண்டு வந்து கீழே நின்ற என் தலையில் விழுந்தது.

"மாப்ள, இது காட்டன் இல்ல."

"புதுத்துணி அப்பிடித்தானுங்க இருக்கும். இன்னொரு குடம் ஊத்துங்க."

ஊற்றினார். இன்னொன்றும் ஊற்றினார். நாலாவது குடமும் என் தலை வழியாகவே போனது. கூரைக்குப் போய்ச் சேர வேண்டிய ஈரமெல்லாம் எனக்குப் போய்ச் சேர்ந்தது.

"பாலியெஸ்டரு. எவங்கிட்டயோ ஏமாந்துட்டு வந்திருக்கற."

"மச்சான், நான் தெனமும் வெட்டற துணி. எனக்குத் தெரியாதுங்களா?"

எங்கள் ஊரில் இந்தச் சண்டைக்கு ஒரே தீர்ப்புதான் உண்டு. ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். காகிதம் கருகும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் காட்டன். சுருண்டு உருகிக் கறுப்பு உருண்டையாக நின்றால் பாலியெஸ்டர். டீக்கடையிலும் செய்வார்கள், பஸ்ஸிலும் செய்வார்கள். ஆனால் கீற்றுக் கூரையின் மேல் உட்கார்ந்துகொண்டு செய்தவர்கள் எனக்குத் தெரிந்து இவர்கள் இருவர்தான்.

"கண்ணு, அந்தத் தீப்பெட்டியக் கொண்டா," என்றார் அப்பா. கொண்டு போய்க் கொடுத்தது நான்தான்.

ஒரு நூல் பத்தாது என்று மாமா ஒரு துண்டையே கிழித்துப் பிடித்தார். அப்பா பற்றவைத்தார். துணி சுருண்டது, கறுத்தது, எரிந்துகொண்டே சொட்டியது.

"பாத்தியா! பாலியெஸ்டர்!" என்று அப்பா கையைத் தூக்கினார். அத்தனை சந்தோஷத்தோடு அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சொட்டியது எங்கே போய் விழுந்தது என்று மாமாதான் முதலில் பார்த்தார். "மச்சான், அது கெடக்குது. கீழ பாருங்க."

துணி மூடாத பக்கத்தில் காய்ந்த கீற்று சடசடவென்று பிடித்துக்கொண்டது. அப்பா குடத்தை எடுத்துக் கவிழ்த்தார். காலி. மாமா பச்சைத் துணியை இழுத்து நெருப்பை மூடப் போனார். அதுவும் உருகத் தொடங்கியதும், ஏணியை மறந்து அப்படியே குதித்தார். நல்லவேளை, கோழிக்கூண்டு குறுக்கே இருந்தது.

புகையைப் பார்த்துத் தெருவே குடத்தோடு ஓடி வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன், தெக்கத்திக்காரர், ஒரு தொரட்டிக் கோலோடு வந்தார். "தண்ணிய அப்புறம் ஊத்துங்கண்ணே! மொதல்ல எரியாத கீத்த இழுத்துத் தள்ளுங்க, தீ தாவக்கூடாது!" என்று கத்தி, அவரே சுற்றிலும் பிய்த்து எறிந்தார். கால் மணி நேரத்தில் தீ அடங்கியது. உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தால் ஒரு கட்டில் நீளத்துக்கு வானம் தெரிந்தது. வானத்தில் மழை மேகமும் தெரிந்தது.

அப்போதுதான் அப்பாவுக்கு மிஷின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இனி அந்த போனஸ் கூரைக்குத்தான். தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா என் காதில், "அம்மா வந்தா ராக்கெட்டுனு சொல்லு சாமி. மாமனைக் காப்பாத்து," என்றார்.

அம்மா வந்தாள். வாசலிலேயே நின்று மேலே பார்த்தாள். "ராக்கெட்டு," என்றோம் மூன்று பேரும் ஒரே குரலில். அம்மா ஈரத் தரையில் குனிந்து எதையோ எடுத்தாள். விரலில் வைத்து உருட்டிப் பார்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு தெருவில் போய் நின்று, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"யாரு உட்ட ராக்கெட்டோ, எங்கூட்டுக் கூரையே போச்சுங்க. நான் யாரையுங் குத்தஞ் சொல்லுலீங்க. கொளந்தைங்கன்னா உடத்தான் செய்யும்."

அன்று ராக்கெட் விடாத வீடு இல்லை. பத்து நிமிடத்தில் எதிர்வீட்டுக்காரர் ஆறு தகர சீட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். "சும்மாதான் கெடந்துச்சுங்க," என்றார் தரையைப் பார்த்தபடி. அடுத்து மூங்கில் வந்தது. ஆணியும் கம்பியும் வந்தன. தெக்கத்தி அண்ணன் வீட்டிலிருந்து தார்ப்பாய் வந்தது. அவருடைய பையன் என்னிடம் ரகசியமாக, "எங்களதுதான்னு நெனைக்கிறேன்டா, யார்ட்டயும் சொல்லாத," என்றான். நான் பெரிய மனதோடு அவனை மன்னித்தேன்.

மழை வருவதற்குள் கூரை மூடியாகிவிட்டது. போனஸில் ஒரு ரூபாய் குறையவில்லை. தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், புதுத் தகரத்தின் கீழே ஓவர்லாக் மிஷின் வந்து உட்கார்ந்தது. நான் காலேஜ் போனது அந்த மிஷின் தைத்த காசில்தான்.

ஆனால் அடுத்த தீபாவளியிலிருந்து ஒரு வழக்கம் ஆரம்பித்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்ல, அப்பா தன் சம்பளத்திலிருந்து நாலு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, சீட்டு கொடுத்த வீடு, மூங்கில் கொடுத்த வீடு, ஆணி கொடுத்த வீடு, தார்ப்பாய் கொடுத்த வீடு என்று ஏறி இறங்குவார். மாமா டப்பாக்களைச் சுமந்துகொண்டு பின்னால் போவார். எங்கள் வீட்டு ஆண்களுக்கு எவ்வளவு தாராள மனசு என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறேன்.

போன வருடம் மிஷினுக்கு ஊசி மாற்ற டிராயரைத் திறந்தேன். ஊசிப் பொட்டலங்களுக்கு நடுவே மிளகு அளவில் ஒரு கறுப்பு உருண்டை. நகத்தால் கீறினால் கடினமாக இருந்தது. அதில் ஓரிடத்தில் மட்டும் இன்னும் பச்சை.

அந்தத் தீபாவளிக்கு மைசூர்பாகுக் கடை வரிசையில் நிற்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார். "படிச்சவன்தானப்பா நீ. இது வரைக்கும் எவ்வளவு ஆச்சுனு போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று தீபாவளிக்கு எட்டாயிரத்து நானூறு ரூபாய்.